நஞ்சம்மா வாயில் ஒரு 'டி'

உமாதேவியின் வேலை மரியாதையைப் பங்கு பிரிப்பது. இப்படியெல்லாம் ஒரு வேலை உண்டா என்று கேட்பவர்கள் மைசூரில் குவெம்புநகர்ப் பக்கம் வந்தால், ஒரு மருந்துக்கடைக்கு மேலே மாடியில் பார்க்கலாம். கைப்பேசியில் காதால் கேட்கும் கன்னடத் தொடர்கதைகளைத் தமிழில் மாற்றித் தரும் அலுவலகம் அது. கதையைத் தமிழாக்குவதில் பெரிய கஷ்டம் ஒன்றும் கிடையாது. கன்னடத்தில் மழை பெய்தால் தமிழிலும் மழை பெய்யும். யார் யாரை எப்படிக் கூப்பிடுவது என்று வரும்போதுதான் உயிர் போகும்.

கன்னடத்து மனைவி புருஷனை 'ரீ' என்று ஒரே எழுத்தில் கூப்பிட்டு முடித்துக்கொள்வாள். தமிழ் மனைவிக்கு 'என்னங்க' என்று நீட்டி முழக்கினால்தான் ஆகும். புருஷன்மார்களுக்கு அந்தத் தொல்லையே இல்லை. 'ஏய்', 'இந்தா', 'அடியே' என்று எந்த மொழியிலும் அவர்களுக்குத் தாராளம். கதையில் ஓர் ஆணுக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் 'தண்ணி கொண்டா' என்பான். ஒரு பெண்ணுக்குக் கீரைக்கட்டு வேண்டுமென்றால், 'உங்களுக்கு வேலை ஒண்ணும் இல்லேன்னா, அந்தப் பக்கமாப் போனீங்கன்னா' என்று தெருவை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் கீரைக்கு வருவாள். எழுதியவர் ஆணாக இருந்தாலும் பெண்ணாக இருந்தாலும் இதில் மாற்றம் கிடையாது. உமாதேவி இதுவரை போட்ட 'ங்க'வையெல்லாம் மூட்டை கட்டினால் ஒரு லாரி பிடிக்க வேண்டியிருக்கும்.

அவள் பிறந்தது ஹனூர் தாலூக்காவில் கௌதள்ளி. பள்ளிக்கூடத்தில் கன்னடம், வீட்டில் தமிழ். தமிழ் எழுத்தை யாரும் சொல்லித் தரவில்லை. மேட்டூரிலிருந்து வரும் பஸ்ஸில் கட்டாக வந்து இறங்கிய வாரப் பத்திரிகைகளைப் பார்த்துத் தானாகப் படித்துக்கொண்டாள். கல்யாணமாகி மைசூருக்கு வந்தாள். புருஷன் செந்தில்நாதன் ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தார். அவர் மாரடைப்பில் போனபிறகு, வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவளை எதிர்வீட்டு ஜீவிதாதான் கையைப் பிடித்து இந்த அலுவலகத்துக்கு இழுத்து வந்தாள். ஜீவிதா கதைகளில் இளம்பெண்களுக்கெல்லாம் குரல் கொடுப்பவள். உமாதேவி தமிழில் எழுதித் தருவதோடு, கிழவிகள் வந்தால் அவர்களுக்குக் குரலும் கொடுக்கிறாள்.

இந்த ஊரில் அவளுக்கு மரியாதைக்குப் பஞ்சமே இல்லை. பால் பூத்தில் 'ஆன்ட்டி'. காய்கறி வண்டிக்காரருக்கு 'அம்மா'. அலுவலகத்தில் 'மேடம்'. அங்கே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிற கிரண், ஒலிப்பதிவுக்காரர் சீனுவை 'லோ சீனு, பாரோ இல்லி' என்று கத்திக் கூப்பிடுவான். சீனுவுக்குத் தாடியெல்லாம் நரைத்துவிட்டது. ஆனாலும் இருவரும் ஒரே கிரிக்கெட் டீம், அதனால் 'பாரோ', நம் 'வாடா'. அதே வாய் உமாதேவியைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு மேடம் மேடம் என்று குழையும். மகள் வினிதா ஹைதராபாத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை பேசுவாள். 'நீ சாப்ட்டியாம்மா' என்றுதான் கேட்பாள். ஆனால் அது மகளின் 'நீ', கீழே நின்று அண்ணாந்து சொல்கிற 'நீ'. பக்கத்தில் நின்று தோளில் இடித்துச் சொல்கிற 'நீ' வேறு. உமாதேவியை 'டி' போட்டுக் கூப்பிட இந்த உலகத்தில் ஒரு ஜீவன் இல்லை.

இது அவளுக்கு உறைத்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. செந்தில்நாதனைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். வந்தவர்கள் எல்லாம் மெதுவாகப் பேசி, மெதுவாக அழுதார்கள். அவருடைய சிநேகிதர் கருப்புசாமி வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்து, "டேய் செந்திலு! என்றா இது? எந்திர்றா டேய்!" என்று தோளைப் பிடித்து உலுக்கினார். இருவரும் அறுபதை எட்டியவர்கள். பள்ளிக்கூடத்தில் ஆரம்பித்த 'டேய்' சாவு வரைக்கும் அப்படியே வந்து நின்றது. உமாதேவி அழுதுகொண்டே அதைப் பார்த்தாள். நான் இப்படிக் கிடக்கும்போது, எந்திரிடி என்று யார் வந்து உலுக்குவார்கள் என்று தோன்றியது. புருஷன் பிணத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவருடைய சிநேகிதத்தின்மேல் அவள் பொறாமைப்பட்டாள். பொறாமைதான்; வேறு பேர் வைத்து மழுப்ப ஒன்றும் இல்லை.

ஒரு காலத்தில் அப்படி ஒருத்தி இருந்தாள். பேர் மீனா. கௌதள்ளியில் பக்கத்துப் பக்கத்து வீடு, ஒரே பெஞ்சு. ஓடைக்கு இந்தக் கரையில் நின்று 'அடியே உமா' என்று கூப்பிட்டால் அந்தக் கரையில் மேய்கிற மாடு நிமிர்ந்து பார்க்கும். மீனாவுக்கு வெட்கம் வந்தாலும் 'போடி'தான், அழுகை வந்தாலும் 'போடி'தான். பேச்சில் தோற்றுப்போனால் 'போடி கூறுகெட்டவளே' என்று சொல்லிவிட்டு, அவளே எழுந்து போய்விடுவாள்.

போன வருஷம் அண்ணன் மகன் கல்யாணத்துக்கு ஊருக்குப் போனபோது உமாதேவி அவளைப் பார்த்தாள். முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. பந்தியில் இலை போட்டுக்கொண்டிருந்த மீனா, இவளைக் கண்டதும் ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"வாங்க, நல்லாருக்கீங்ளா? ஊட்டுல எல்லாரும் சௌக்கியமுங்ளா?"

உமாதேவி திரும்பிப் பார்த்தாள். தனக்குப் பின்னால் யாரோ பெரிய மனுஷர் வருகிறார் என்றுதான் நினைத்தாள். பின்னால் வாழை மரம் கட்டிய பந்தல்கால் மட்டும்தான் நின்றது.

"என்னடி மீனா, கிண்டலா?" என்றாள்.

மீனா சிரிக்கவில்லை. பக்கத்தில் நின்ற தன் மாப்பிள்ளையை ஒருதரம் பார்த்துவிட்டு, "அட, என்னங்க நீங்க. உங்களப் போயி..." என்று இழுத்தாள். "சாப்புட்டுத்தான் போகோணும். உக்காருங்க, எல போடறன்."

எங்கள் பக்கத்தில் ஆட்டுக்குட்டியை விரட்டினாலும் 'ங்க' போட்டுத்தானே விரட்டுவோம், இதையெல்லாம் மனசில் வைக்கக்கூடாது என்று உமாதேவி தனக்குத் தானே சமாதானம் சொல்லிப் பார்த்தாள். மைசூருக்குத் திரும்பும் பஸ் கொள்ளேகால் தாண்டுவதற்குள் அந்தச் சமாதானம் தீர்ந்துபோயிற்று. எது பாசத்து 'ங்க', எது தள்ளி நிறுத்துகிற 'ங்க' என்று பிரித்துப் பார்ப்பதற்குத்தானே அவளுக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள்.

அந்த 'ங்க' எங்கே பிறந்தது என்றும் அவளுக்குத் தெரியும். கல்யாணமான புதிது. மைசூரில் காந்திநகர்ப் புகுந்த வீட்டுக்கு மீனா ஒரு பை நிறையப் பச்சை நிலக்கடலையோடு வந்தாள். வாசலிலிருந்தே "அடியே உமா, எங்கடி கெடக்கற?" என்று சத்தம் போட்டாள். மாமியார் வெளியே வந்து, முகத்தில் சிரிப்பு மாறாமல், "எங்கூட்டு மருமகள 'டி' போட்டுக் கூப்புடாதீங்க கண்ணு. நாலு பேரு வந்து போற எடம்" என்றார். அவ்வளவு மரியாதையாகச் சொன்னார். மீனாவின் முகம் சுருங்கிப்போயிற்று. அவள் காப்பியைக் கையில் வாங்கிய நேரத்தில் கருப்புசாமி உள்ளே வந்து "டேய் செந்திலு, எந்திரிச்சு வாடா எரும" என்றார். அவருக்கு மாமியார் தட்டில் முறுக்கு வைத்துக் கொடுத்தார். உமாதேவி தலையைக் குனிந்துகொண்டு காப்பி ஆற்றிக்கொண்டிருந்தாள். மீனா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "வர்றனுங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். பிறகு அந்தப் படியை அவள் மிதிக்கவே இல்லை. மாமியாரும் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. அவர் போட்ட உத்தரவை மீனா மட்டும் இன்னும் மீறாமல் இருக்கிறாள்.

கல்யாணத்தில் வாங்கிக்கொண்ட நம்பருக்கு உமாதேவி தான் தமிழாக்கும் தொடர்கதையின் இணைப்பை அனுப்பிவைத்தாள். மீனாவின் பேத்தி அதைப் போனில் போட்டுக் கொடுத்தாள். பால் கறக்கும்போது போனை மாட்டுக்கொட்டாய்த் தூணில் தொங்கவிட்டுக் கேட்பதாக மீனா ஒரு குரல் செய்தி அனுப்பினாள். 'கேக்கறனுங்க, நல்லாருக்குதுங்க' என்று பள்ளிக்கூடத்து வாத்தியாரிடம் பேசுவதுபோல் இருந்தது.

அந்த நேரத்தில்தான் கதைக்குள் நஞ்சம்மாவும் சித்தம்மாவும் வந்து சேர்ந்தார்கள். இரண்டு பேரும் கிழவிகள், புருஷன் இல்லாதவர்கள், நடுவில் ஒரே ஒரு மதில். கன்னடத்தில் அவர்கள் ஒருவரையொருவர் 'கணே', 'பாரே' என்று பெண்கள் தங்களுக்குள் பேசுகிற உரிமைப் பேச்சுப் பேசினார்கள். உமாதேவி யோசிக்கவே இல்லை. அதையெல்லாம் 'டி' ஆக்கினாள். நஞ்சம்மாவுக்கு அவளே குரல். "ஏண்டி சித்தம்மா, உன் கோழிக்கு முட்டை வைக்க என் வீட்டு அடுப்படிதான் கிடைச்சுதா?" என்று அவள் கத்த, சித்தம்மாவாக வந்த ஜீவிதா, வயசுக்கு மீறிய கரகரப்போடு, "போடி கூறுகெட்டவளே!" என்பாள். அந்தக் 'கூறுகெட்டவளே' கன்னடக் கதையில் கிடையாது. அது கௌதள்ளியிலிருந்து வந்தது.

மறுநாள் மீனாவின் செய்தி வந்தது. பாதிக்கு மேல் சிரிப்புத்தான். "அந்தக் கெழவிகளோட வாயிருக்குதுங்களே... கறந்த பால் கொட்டிப்போச்சுங்க!"

'ங்க' இருக்கத்தான் செய்தது. ஆனால் சிரிப்பு பழைய சிரிப்பு. உமாதேவிக்கு அன்றைக்குச் சாப்பாடு ருசித்தது. அதற்கப்புறம் அவள் எழுதியதெல்லாம் கேட்பவர்களுக்காக அல்ல, அந்த மாட்டுக்கொட்டாய்த் தூணுக்காகத்தான். ஓடையும் பெஞ்சும் அவர்கள் இருவரும் போட்ட பழைய சண்டைகளும் நஞ்சம்மா வாய் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கௌதள்ளிக்குப் போய்ச் சேர்ந்தன. ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள், மீனா தன்னை அறியாமல் ஒரு 'டி' போட்டுவிடுவாள் என்று அவள் காத்திருந்தாள். அந்த ஒரு எழுத்துக்காக, அந்த வயதில், பள்ளிக்கூடப் பிள்ளைபோலக் காத்திருந்தாள்.

ஒரு திங்கட்கிழமை கிரண் அவளுக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தான். கையில் கைப்பேசி இருந்தது.

"மேடம், கம்ப்ளெய்ன்ட் வந்திருக்கு. தமிழ் கேக்கறவங்க எழுதியிருக்காங்க. 'இந்த வயதில் பெண்கள் இப்படியா பேசுவார்கள், குடும்பத்தோடு கேட்க முடியவில்லை'ன்னு. இன்னும் நெறைய. நஞ்சம்மா, சித்தம்மா ரெண்டு பேருக்கும் இனி 'வாங்க, போங்க' போட்டுடலாம். ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி, கொஞ்சம் அனுசரிச்சுக்குங்க."

"இதே கதையில தொட்டையன் அவன் சிநேகிதனை 'வாடா எருமை'ன்னு கூப்பிடறானே கிரண், அவனுக்கும் எழுபது வயசு. அதுக்கு யாராவது எழுதியிருக்காங்களா?"

கிரண் நல்ல பையன். கைப்பேசியை மேலும் கீழும் தள்ளி உண்மையிலேயே தேடிப் பார்த்தான். "இல்ல மேடம். அது ஃப்ரெண்ட்ஷிப் அல்வா?" என்று கன்னடத்து 'இல்லையா'வைப் போட்டுக் கேட்டான்.

"அப்ப இது என்ன?"

அவன் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தான். "இது லேடீஸ் அல்வா மேடம்" என்றான்.

அவளுக்குக் கோபம் வந்தது. அவன் முகத்தைப் பார்த்ததும் கோபம் எங்கே போவது என்று தெரியாமல் நின்றுவிட்டது. அவளுடைய மாமியார் அன்றைக்குச் சிரித்துக்கொண்டே சொன்னதைத்தான், அவரைக் கண்ணால் பார்த்திராத இந்தப் பையன் இன்றைக்குக் கன்னடம் கலந்து சொல்கிறான். இன்னும் கொஞ்சம் வாதாடினாள். 'டி'யைப் பாதியாகக் குறைக்கிறேன் என்று பேரம்கூடப் பேசினாள். மேலே இருப்பவர்கள் முடிவு செய்துவிட்டார்கள் மேடம் என்று அவன் இரண்டு கைகளையும் விரித்தான்.

எழுதிக் கொடுத்தாள். சொன்னபடி எழுதுவதற்குத்தானே உட்கார்ந்திருக்கிறாள். ஒலிப்பதிவு அறையில் மைக்குக்கு முன்னால் உட்கார்ந்து, "வாங்க சித்தம்மா, உட்காருங்க. காப்பி சாப்பிடறீங்களா?" என்றாள். ஜீவிதா அந்தப் பக்கத்திலிருந்து, "பரவாயில்லைங்க, உங்களுக்கு எதுக்குங்க சிரமம்" என்றாள். கண்ணாடிக்குப் பின்னால் சீனு கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். ஒரே தடவையில் ஓகே.

அந்தப் பகுதி வெளியான நாளில் மீனாவிடமிருந்து செய்தி இல்லை. மறுநாள் சாயங்காலம் உமாதேவி காய்ந்த துணிகளை மாடியிலிருந்து எடுத்து வந்து மடித்துக்கொண்டிருந்தபோது வந்தது. வழக்கத்தைவிட நீளமாக இருந்தது.

"ஏனுங், கதை கேட்டனுங். அந்த நஞ்சம்மாளுக்கும் சித்தம்மாளுக்கும் என்ன சண்டைங்? நடுவால ஏதாச்சும் நாங் கேக்காம உட்டுட்டனுங்ளா? அதுக்கு முந்தி வரைக்கும் வாடி போடின்னு இருந்தவங்க, இப்ப அசலூருக்காரங்களாட்டம் வாங்க போங்கன்னு பேசிக்கறாங்க. காப்பி குடிக்கறீங்ளான்னு கேக்கறா, வேண்டாமுங்கறா. எனக்குப் பாலு கறக்கவே மனசு வரலீங்க. பாவமுங்க, அந்த வயசுல அவங்களுக்கு வேற ஆரு இருக்கறா? நீங்கதான எழுதறீங்க. எப்படியாச்சும் ஒண்ணு சேத்து உட்ருங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகுமுங்க."

உமாதேவி மடித்த துணியை மடியிலேயே வைத்துக்கொண்டு மறுபடி கேட்டாள். முதலில் சிரிப்பு வந்தது. மீனாவுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. 'ங்க' என்றால் என்ன, அது இரண்டு பெண்களுக்கு நடுவில் எப்போது வரும், வந்தால் என்ன போய்விட்டது என்று அர்த்தம், எல்லாமே தெரிந்திருக்கிறது. கதையில் நஞ்சம்மா வாயில் வந்ததும் அவளுக்குப் பால் கறக்க மனசு வரவில்லை. தன் வாயில் அது வரிக்கு வரி வந்து விழுவது மட்டும் அவள் காதில் விழவில்லை. உமாதேவியின் சிரிப்பு எங்கேயோ நடுவழியில் அழுகையாகிப் போயிற்று. வீட்டில் பார்க்க ஆள் இல்லாததால் நிதானமாகவே அழுதாள்.

பிறகு பதில் சொல்லப் போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள். "இல்லீங்க மீனா" என்று ஆரம்பித்தாள். தன் குரலைக் கேட்டுத் தானே திடுக்கிட்டு அதை அழித்தாள். இவ்வளவு நாளும் மீனாவைக் குறை சொல்லிக்கொண்டிருந்த நாக்குத்தான் இது. இரண்டாம் முறை கிரண், கம்ப்ளெய்ன்ட், கம்பெனி என்று நீட்டிச் சொன்னாள். அதில் 'நீ'யும் இல்லை, 'நீங்க'வும் இல்லை. கூப்பிடாமலேயே பேசி முடித்துவிட்டாள். கதைகளில் வேண்டாதவர்கள் பேசிக்கொள்ளும்போது அவள் செய்கிற தந்திரம் அது. அதையும் அழித்தாள். எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். மூன்றாம் முறை போனை எடுத்தாள்.

"அவங்க சண்டையெல்லாம் போடல மீனா. ஒரு நாளு ஒருத்தி காப்பி குடிக்க வந்தா. மூணாவது மனுஷி ஒரு வார்த்தை சொல்லீட்டா. கூட இருந்தவ வாயத் தொறக்காம காப்பி ஆத்தீட்டிருந்தா. அவ்வளவுதான் நடந்துச்சு. அவங்கள ஒண்ணு சேக்கறது என் கையில இல்லடி. உன் கையிலதாண்டி இருக்குது."

யோசிக்க இடம் கொடுக்காமல் அனுப்பிவிட்டாள். அனுப்பியபிறகு, இருப்பதும் போய்விடுமோ என்ற பயம் வந்தது. மாட்டுக்கொட்டாய்ச் சிரிப்பாவது மிச்சம் இருந்தது. அதையும் தானே கெடுத்துக்கொண்டோமோ என்று தவித்தாள். மீனா கேட்டுவிட்டாள் என்பதற்கான நீல அடையாளம் உடனே வந்துவிட்டது. பதில்தான் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. பால் பூத்தில் ஆன்ட்டியாகவும், வண்டிக்காரருக்கு அம்மாவாகவும், அலுவலகத்தில் மேடமாகவும் அந்த நாள் போயிற்று.

அதற்கடுத்த நாள் மத்தியானம், ஒலிப்பதிவு அறை வாசலில் பெஞ்சில் உட்கார்ந்து டிபன் பாக்ஸை மூடும்போது போன் அதிர்ந்தது. காதில் வைத்தாள். முதலில் மாட்டுக் கழுத்து மணி கேட்டது. பிறகு யாரோ குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற சத்தம். பேச்சே இல்லையோ என்று நினைத்தபோது மீனா தொண்டையைக் கனைத்தாள்.

"என்னென்னமோ சொல்றீங்க..." மறுபடி மணிச் சத்தம். மூக்கை உறிஞ்சினாள்.

"போ..."

அதோடு செய்தி முடிந்துவிட்டது.

உமாதேவி மறுபடி கேட்டாள். 'போ'வுக்கு அப்பால் ஒன்றும் இல்லை. மீனா அவ்வளவுதான் சொன்னாளா, இல்லை சொல்லி முடிப்பதற்குள் விரலை எடுத்துவிட்டாளா? விரலை எடுத்துவிட்டாள் என்றால், விழுந்துபோன அந்த எழுத்து 'ங்க'வா, 'டி'யா? சீனுவிடம் கொடுத்தால் போதும். அவர் கம்ப்யூட்டரில் போட்டுப் பெரிதாக்கி, பேச்சு தானாக நின்றதா, வெட்டுப்பட்டதா, வாய் எந்த எழுத்துக்குத் திறந்தது என்று ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார். உமாதேவி போனை எடுத்துக்கொண்டு கண்ணாடிக் கதவு வரைக்கும் போனாள். சீனு நிமிர்ந்து பார்த்து, "என்ன மேடம்?" என்று கேட்டார். "ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டு, போனைப் பைக்குள் அடியில் வைத்து ஜிப்பை இழுத்து மூடினாள்.

உள்ளே போய் மைக்குக்கு முன்னால் உட்கார்ந்தாள். காதுக் கருவியை மாட்டிக்கொண்டாள். தாளில் அன்றைக்கும் நஞ்சம்மா சித்தம்மாவை மதிலுக்கு இந்தப் பக்கத்திலிருந்து மரியாதையாகக் கூப்பிட வேண்டியிருந்தது. உமாதேவி கூப்பிட்டாள். "சித்தம்மா, கொஞ்சம் இப்படி வந்துட்டுப் போங்க."

சீனு கையைக் காட்டி நிறுத்தினார். காதுக்குள் அவர் குரல் வந்தது.

"மேடம், 'போங்க' சொல்லும்போது சிரிக்கறீங்க. இன்னொரு தடவை போலாம்."